யானையை விட்டுப் பாலத்தைப் பிடித்தவர்கள்

நெடுங்கேணியிலிருந்து உள்ளே, காட்டோரமாக இருக்கிறது எங்கள் ஊர். ஒருநாள் பின்னேரம் வயலால் திரும்பும்போது பாலத்தடிப் பற்றைக்குள் தனியன் யானை ஒன்று நின்றது. வீட்டுக்கு ஓடிவந்து ஊர் வட்ஸ்அப் குழுவில் எழுதினேன்: "பாலத்தடியிலை யானை நிக்குது. ஒருத்தரும் அந்தப் பக்கம் வராதேங்கோ."

"எந்தப் பாலம்?" என்று கேள்வி வந்தது. "புதுப் பாலம்" என்றேன். அவ்வளவுதான்.

"போன மாரிக்கு உடைஞ்சது என்னெண்டு புதுப் பாலம்?" என்றார் ஒருவர். பாலம் கட்டக் கொந்தராத்து எடுத்தவர் யார் என்றார் இன்னொருவர். சுவிசில் இருப்பவர் அங்குள்ள பாலங்களைப் படம் படமாக அனுப்பினார். கடைசியில், "நீங்கள் எப்ப இஞ்சை வந்து குடியேறினனீங்கள்?" என்று என்னையே பிடித்துக்கொண்டார்கள். யானை இன்னும் நிற்கிறது என்று திரும்பவும் எழுதினேன். யாரோ அதற்குச் சிரிக்கும் முகம் போட்டார்.

பக்கத்து வீட்டுப் பெண் ஆடைத் தொழிற்சாலையில் வேலை செய்பவள். வேலை நேரத்தில் போனை வாங்கி வைத்துவிடுவார்கள். அவள் பஸ்ஸால் இறங்கி, சைக்கிளில் அந்தப் பாதையால் வந்திருக்கிறாள். யானை பற்றையை முறித்துக்கொண்டு ரோட்டில் ஏறியது. சைக்கிளைப் போட்டுவிட்டு வாய்க்காலுக்குள் பாய்ந்தாள். கை முறிந்தது. அவள் கத்திய சத்தத்துக்கு நாங்கள் வெடி கொளுத்திக்கொண்டு ஓடினோம். யானை காட்டுக்குள் இறங்கிவிட்டது.

"குழுவைப் பாக்கேல்லையோ?" என்று அவளைத் தூக்கும்போதே கேட்டேன்.

"வேலை முடிஞ்சு பஸ்ஸிலை வரேக்கை பாத்தனான் அக்கா. ஒரே பாலச் சண்டை. வழமையான கதைதானே எண்டு மூடி வைச்சிட்டன்."

அவளை ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு வந்து குழுவில் பேசிப் போட்டேன்: "ஒரு பிள்ளை சாகப் பாத்தவள். நீங்கள் எல்லாரும் இருந்து என்ன கதைச்சனீங்கள்?"

குரல் பதிவு போடக்கூடாதென்பது குழுவின் விதி என்று உடனே பதில் வந்தது. அந்த விதியை யார் போட்டது என்று அடுத்த சண்டை தொடங்கியது. அவள் எப்படி இருக்கிறாள் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. அப்போதே குழுவை விட்டு விலகினேன். அந்தப் பாதையால் வரும் பெண்களின் இலக்கங்களை வாங்கி வைத்திருக்கிறேன். இப்போது யானையைக் கண்டால் ஒவ்வொருவருக்கும் நானே போன் எடுக்கிறேன்.

குழுவை நடத்துபவர் ஒரு கிழமை கழித்து அவளைப் பார்க்க வந்தார். நானும் அங்கே இருந்தேன். கதிரையில் இருந்ததும் போனை எடுத்தார்.

"கட்டுப்போட்ட கையை ஒரு படம் எடுத்துக் குழுவிலை போடட்டோ தங்கச்சி?"

"எழும்புங்கோ அண்ணை" என்றேன் நான். "முதல் எழும்பி வெளியிலை போங்கோ."

தேத்தண்ணீரைத் தொடாமலே போனார். இப்போது ரோட்டில் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். திருப்பட்டும்.