மேல்தாள் மரைக்காயர்

அப்துல் ஷுக்கூர் மரைக்காயர் யாரையும் மதித்ததில்லை. பழவேற்காட்டு ஏரியில் வலை போடுகிறவர்களை, மீனைத் தவிர ஒன்றும் தெரியாத ஜென்மங்கள் என்பார். நெல் மூட்டையோடு வண்டி ஓட்டிவரும் குடியானவர்கள் அதற்கும் கீழே; அவர்களுக்கு மீன்கூடத் தெரியாது. சாயத்துணி ஏற்றி ஜாவாவுக்குக் கப்பல் விட்ட தன் சொந்தக்காரர்களைப் பற்றிப் பேச்சு வந்தால், மூட்டையைத் தூக்கித் தூக்கி மூளையும் மூட்டையாகிவிட்டது என்று முகத்தைத் திருப்பிக்கொள்வார். கோட்டைக்குள் இருந்த டச்சுக்கார ஒல்லாந்தர்களிடமும் அவருக்கு மரியாதை இல்லை. இங்கிலீஷ்காரனிடம் கோட்டையைப் பறிகொடுத்து, அவனாகத் திருப்பிக் கொடுத்த பிறகு வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறவர்களுக்கு மரியாதை ஒரு கேடா என்பார்.

இப்படி ஊரையே ஒதுக்கிவைத்த மனிதர் மதித்த ஒரே பொருள், கடிதங்களின் மேல்தாளில் இருக்கும் கறுப்பு மசி முத்திரை.

அப்போதெல்லாம் ஜாவாவின் பத்தாவியாவிலிருந்து வரும் கடிதத்தை மடித்து, அதன்மேல் இன்னொரு தாளைச் சுற்றி அரக்கு வைத்து ஒட்டியிருப்பார்கள். கப்பல் கூலி கட்டியாகிவிட்டது என்பதற்கு அடையாளமாக, அந்த மேல்தாளில் ஒல்லாந்தரின் கும்பினி முத்திரை விழுந்திருக்கும். ஒரு வட்டம், அதற்குள் பின்னிக்கிடக்கும் கும்பினியின் எழுத்துகள், அடியில் கூலியைச் சொல்லும் ஓர் இலக்கம். கடிதம் கைக்கு வந்ததும் மேல்தாளைக் கிழித்து எறிந்துவிடுவார்கள். அப்படி எறிந்ததைப் பொறுக்கிச் சேர்ப்பதுதான் மரைக்காயருக்கு வேலை. கேட்டால் துணித் தரகு என்று சொல்லிக்கொள்வார். அவர் தரகு பேசி முடித்த துணியை யாரும் உடுத்திப் பார்த்ததில்லை.

இந்தப் பித்து பிடித்தது ஒரு சாவு நாளில். அவர் மனைவி ரோஷன் பீவியின் ஒரே தம்பி பத்தாவியாவில் காய்ச்சலில் போய்விட்டான். அந்தச் செய்தி கடிதமாக வந்து, பெரியவர் ஒருவர் படித்துச் சொல்ல, வீடு முழுக்க ஒப்பாரி. ரோஷன் பீவி தூணில் முட்டிக்கொண்டு அழுதாள். மைத்துனனை இழந்தவர் எங்கே என்று பார்த்தால், கீழே விழுந்த மேல்தாளை எடுத்துக்கொண்டு ஜன்னல் ஓரம் நின்று வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். வட்டத்தின் இடப்பக்கம் அடியில் கோடு விட்டுப்போயிருந்தது, எலி கடித்த மாதிரி.

"இன்னாங்க பாக்குறீங்க?" என்றாள் அழுகையின் நடுவே.

"ஓரத்துல ஓட்டை இருக்கு," என்றார்.

அன்றைக்குப் பிறகு ரோஷன் பீவி அவரிடம் தம்பியைப் பற்றிப் பேசவே இல்லை. அவர் அதைக் கவனிக்கவும் இல்லை.

மேல்தாள்கள் சேர்ந்தன. பாதி, கருவாட்டுக்காரி பவுனம்மாளிடம் கிடைத்தன. கோட்டையைக் கூட்டுகிறவன் அள்ளிக் கொடுக்கும் பழையதும் புதியதுமான காகிதத்தில்தான் அவள் பொடி இறால் கருவாட்டைப் பொட்டலம் கட்டுவாள். மரைக்காயர் கருவாட்டை வாங்கி, அவள் கண்ணெதிரே கூடையிலேயே திரும்பக் கொட்டிவிட்டு, தாளை மட்டும் மடித்து இடுப்பில் செருகிக்கொள்வார்.

"இன்னா மரைக்காரே, கருவாட்ட வுட்டுட்டு காயிதத்தத் துன்னுவியா?" என்று பவுனம்மாள் சிரிப்பாள்.

"உனக்கு இதெல்லாம் விளங்காது."

"விளங்குனா நானும்ல பட்டினி கெடக்கணும்!"

ஊர் அவருக்கு மேல்தாள் மரைக்காயர் என்று பெயர் வைத்தது. அவர் அதைப் பட்டமாகவே எடுத்துக்கொண்டார். தாள்களை மரப்பெட்டியில் இரண்டு அடுக்காக வைத்திருந்தார். முழு வட்டம் ஓர் அடுக்கு; ஓட்டை வட்டம் இன்னோர் அடுக்கு. பெட்டியைத் திறந்தால் வீடு முழுக்க இறால் நாற்றம். அதன் நடுவே சம்மணமிட்டு உட்கார்ந்து வருஷக்கணக்காக யோசித்து ஒரு பெரிய உண்மையைக் கண்டுபிடித்தார். பத்தாவியாவில் இரண்டு முத்திரைகள் இருக்கின்றன. நல்ல சேதி போகும் கடிதத்துக்கு முழு வட்டம். சாவு சேதிக்கு ஓட்டை வட்டம். வாங்குகிறவன் மனதைத் தேற்றிக்கொள்ளட்டும் என்று கும்பினி வைத்திருக்கும் ரகசிய ஏற்பாடு அது.

சொந்த மைத்துனன் சாவுக் கடிதமே சாட்சி. பிறகு இரண்டொரு முறை கோட்டை வாசலில் நின்று, யாருக்கோ வந்த கடிதத்தின் மேல்தாளைப் பார்த்து "மவுத்து" என்றார், பலித்தும் விட்டது. பத்தாவியா காய்ச்சல் ஊர். அங்கே போனவர்களைப் பற்றி யார் என்ன கெட்டது சொன்னாலும் பாதி பலிக்கும். இது அவருக்குத் தோன்றவில்லை. கடிதங்களுக்குள்ளே என்ன எழுதியிருக்கிறது, எந்தத் தேதி போட்டிருக்கிறது என்று ஒரு முறையாவது கேட்டிருக்கலாம். உள்ளே இருப்பது அழுகையும் அரிசிக் கணக்கும்தானே, அதைப் படிக்கிறவன் மனிதனா என்று விட்டுவிட்டார்.

கௌஸ் மைதீனின் மகன் மீரான் பத்தாவியாவுக்குப் போய், கடிதம் இல்லாமலே நாள் ஓடிக்கொண்டிருந்த சமயம். ஒரு கப்பல் வந்தது. கோட்டை வாசலில் துபாஷ் தருமலிங்கம் கடிதங்களைக் கொடுத்துக்கொண்டிருந்தார். ஒல்லாந்தருக்கும் ஊராருக்கும் நடுவே பேச்சு மாற்றிச் சொல்கிற மனிதர் அவர். கௌஸ் மைதீன் முட்டி வலியோடு வந்து மகன் கடிதத்தை வாங்கியதை மரைக்காயர் எட்டிப் பார்த்தார். ஓட்டை வட்டம். கிழவர் மெல்ல நடந்து வீடு சேர்வதற்குள் மரைக்காயர் குறுக்குச் சந்தில் ஓடி அந்த வீட்டு வாசலில் நின்றார். மீரானின் மனைவி மஸூதா கதவுக்குப் பின்னால் வந்தாள்.

"மனசத் தேத்திக்கம்மா," என்றார். "மீரான் மவுத்தாயிட்டான். முத்திரையே சொல்லுது."

தெரு திரண்டது. மஸூதா மயங்கி விழுந்தாள். பெண்கள் அவள் முகத்தில் தண்ணீர் தெளித்தார்கள். ஒருத்தி அவள் கழுத்துக் கருகமணியை அவிழ்க்கவும் போய்விட்டாள். அப்போதுதான் கௌஸ் மைதீன் மூச்சு வாங்க உள்ளே வந்தார். அழுகையைக் கேட்டுத் திகைத்து, கடிதத்தை அங்கேயே பிரித்துப் படித்தார். மீரான் நல்ல சுகம். ஒரு சீனத்துக் கடையில் வேலை. அடுத்த கப்பலில் ஊருக்கு வருகிறான். மஸூதாவுக்குப் பட்டு எடுத்து வைத்திருக்கிறான்.

மஸூதா எழுந்தாள். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு கதவைத் தாண்டி வந்து நின்றாள்.

"உசுரோட கீறவர சாவடிக்கவா வந்தே? உன் கண்ணு அவிஞ்சி பூட!" என்றாள்.

மரைக்காயர் கலங்கவில்லை. "கடிதம் எழுதினப்புறம் செத்திருப்பான். முத்திரை தப்பு சொல்லாது," என்றார். கௌஸ் மைதீன் கைத்தடியை ஓங்க, ஓடிப்போனார்.

கிழவர் விடவில்லை. ஊரார் கடிதத்தில் ஒருவன் மூக்கை நுழைக்கிறான், அவன் வீட்டில் கும்பினி முத்திரைத் தாள் பெட்டி பெட்டியாக இருக்கிறது என்று கோட்டையில் போய்ச் சொன்னார். மூக்கை நுழைத்ததைப் பற்றிக் கோட்டைக்குக் கவலையில்லை. முத்திரைத் தாள் என்றதும் எழுந்து உட்கார்ந்தார்கள். ஒருமுறை கூலி கட்டிய தாளையே மறுபடி சுற்றி ஓசியில் கடிதம் அனுப்புகிறானா? துபாஷும் இரண்டு சிப்பாய்களும் வீட்டுக்கு வந்து பெட்டியைத் திறந்தார்கள். ஒரு சிப்பாய் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினான்.

"இன்னாத்துக்கு இத்தன தாளு?" என்று துபாஷ் கேட்டார்.

மரைக்காயர் வாயைத் திறப்பதற்குள் கதவுக்குப் பின்னாலிருந்து ரோஷன் பீவியின் குரல் வந்தது. "அது கிறுக்குங்க. திருடறதுக்கெல்லாம் சாமர்த்தியம் வேணும். இவருக்கு ஏது?"

கணவனைக் காப்பாற்ற அவளுக்குக் கிடைத்த வழி அதுதான். அது உண்மையாகவும் இருந்ததால் சொல்வதற்குக் கஷ்டமாக இல்லை. துபாஷுக்கும் புரிந்தது. பெட்டியோடு கோட்டைக்குப் போகும் வழியில் மரைக்காயரின் காதில், "தொர கேட்டா கிறுக்குன்னு ஒத்துக்கினு வூட்டுக்குப் போ. வீம்பு பண்ணினே, சவுக்கடிதான்," என்றார்.

கடிதங்களுக்குப் பொறுப்பான எழுத்தர் ஒரு பருத்த ஒல்லாந்தர். வீங்கிய காலை முக்காலிமேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இந்தத் தாள்கள் எதற்கு என்று கேட்டார். துபாஷ் பதிலுக்காகப் பார்த்தார்.

"நான் கிறுக்கன் இல்ல," என்றார் மரைக்காயர். நிமிர்ந்து நின்று, இரண்டு முத்திரையையும் நல்ல சேதியையும் சாவு சேதியையும் கும்பினியின் ரகசியத்தையும் ஒன்றுவிடாமல் எடுத்துரைத்தார். உங்கள் ரகசியம் எனக்குத் தெரிந்துவிட்டது, இனி என்னை என்ன செய்வீர்கள் என்கிற தோரணை. துபாஷ் தலையில் அடித்துக்கொண்டே மாற்றிச் சொன்னார்.

எழுத்தர் ஓட்டை வட்டம் ஒன்றை எடுத்துக் கண்ணருகே பிடித்தார். அப்புறம் சிரிக்கத் தொடங்கினார். வீங்கிய கால் குலுங்கி வலிக்க, "ஆ" என்று கத்திக்கொண்டே சிரித்தார். துபாஷிடம் ஏதோ சொன்னார். அவரும் சிரித்துவிட்டார்.

"இன்னா சொல்றாரு?" என்றார் மரைக்காயர்.

"இவரு முன்னாடி பத்தாவியாவுலதான் இருந்தாராம். முத்திர குத்துனதே இவருதானாம். ஒரு நாள் சாராயத்தப் போட்டுட்டு முத்திரைய கல்லுமேல போட்டுட்டாராம். ஓரம் பேந்துபூட்ச்சாம். அதுக்கு அப்பால குத்துனதெல்லாம் ஓட்டதான். செத்தாலும் ஓட்ட, கல்யாணம்னாலும் ஓட்ட."

மரைக்காயர் தன் இரண்டு அடுக்குகளையும் பார்த்தார். பழையது ஒன்று, புதியது ஒன்று. வேறொன்றும் இல்லை.

எழுத்தருக்குச் சிரிப்போடு கோபமும் போய்விட்டது. தண்டனை என்று ஒன்றை அவரே யோசித்தார். முத்திரைமேல் இவ்வளவு ஆசை இருக்கிறவன், இங்கிருந்து போகும் கடிதங்களுக்கு முத்திரை குத்தட்டும். கப்பல் கிளம்பும்வரை, சம்பளமில்லாமல். பெட்டியிலிருந்த தாள்களைச் சிப்பாய்கள் அள்ளிப்போய்ச் சுருட்டுப் பற்றவைத்தார்கள்.

வீட்டுக்கு வந்ததும் மரைக்காயர், "உன் தம்பி மவுத்துக் கடிதம் வச்சிருக்கியா? தேதி மட்டும் பாக்கணும்," என்றார்.

ரோஷன் பீவி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "தேதி மட்டும்," என்று ஒருமுறை சொல்லிப் பார்த்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். கடிதத்தை எடுத்துத் தரவில்லை.

மறுநாள் கோட்டையில் முத்திரைக் கட்டையைக் கையில் கொடுத்தார்கள். பிடி எண்ணெய்ப் பிசுக்கு ஏறி, அம்மிக் குழவியின் குட்டி போல இருந்தது. இத்தனை காலம் இந்தக் கட்டையின் நிழலையா கும்பிட்டோம் என்று மரைக்காயருக்கு அதன்மேலும் இளக்காரம் வந்தது. ஆனாலும் குத்தினார். முதல் முத்திரை சாய்ந்து விழுந்தது. துடைத்துவிட்டு இன்னொன்று குத்தினார். மசி கூடிவிட்டது. மசியைத் தண்ணீர் விட்டுக் கலக்கி, துணியில் வடிகட்டி, கட்டையைத் துடைத்து, தாளின் அடியில் தோல் துண்டு வைத்து, மூச்சை அடக்கிக்கொண்டு இறக்கினார். வட்டம் நிலா மாதிரி விழுந்தது. அது காயும்வரை அடுத்த தாளை எடுக்கவில்லை. இதைக் குத்திவந்த ஒல்லாந்தர்கள் எல்லாரும் மாடு மேய்க்கத்தான் லாயக்கு என்று தெரிந்துபோனது.

வெளியே காற்று திரும்பியிருந்தது. கடலில் நங்கூரமிட்டிருந்த கப்பலுக்குக் கடிதப் பையைக் கொண்டுபோகும் படகு முகத்துவாரத்தில் காத்திருந்தது. துபாஷ் ஓடிவந்தார்.

"இன்னும் முடிக்கலயா? கப்பல் பாயை விரிச்சிட்டான்யா!"

"காயணும்," என்றார் மரைக்காயர், ஊதிக்கொண்டே.

"எத்தினி ஆச்சி?"

பாதிக்குமேல் அப்படியே கிடந்தன. துபாஷ் கைக்கு வந்ததை அள்ளிப் பையில் திணித்துக்கொண்டு ஓடினார். படகு முகத்துவாரத்தைத் தாண்டும்போது கப்பல் போய்க்கொண்டிருந்தது. கவர்னர் ஜெனரலுக்கு எழுதிய அறிக்கை, கோட்டைக்குக் கேட்ட வெடிமருந்துச் சீட்டு, சிப்பாய்கள் வீட்டுக்கு எழுதியவை, கௌஸ் மைதீன் மகனுக்கு எழுதிய பதில் எல்லாம் படகோடு கரைக்குத் திரும்பி வந்தன. எழுத்தர் அன்றைக்குச் சிரிக்கவில்லை. கைத்தாங்கலாக எழுந்து நின்று, தெரிந்த வசவுகளையெல்லாம் பொழிந்தார். துபாஷ் அதில் ஒன்றையும் மாற்றிச் சொல்லவில்லை. வெளியே போ என்று மட்டும் சொன்னார்.

மரைக்காயர் அதற்கப்புறமும் நெடுநாள் இருந்தார். மீரான் ஊர் திரும்பிவிட்டான்; குழந்தைகளோடு அவர் வாசலைக் கடந்து போகும்போதெல்லாம் மஸூதா எச்சில் துப்பிவிட்டுப் போவாள். பவுனம்மாளிடம் அவர் கருவாட்டை வாங்கிச் சாப்பிடத் தொடங்கினார்; காகிதம் அவளிடமே இருந்தது. பின்னால் இங்கிலீஷ்காரன் மறுபடி வந்து கோட்டையைப் பிடித்து, அவன் தபால் முத்திரை ஊருக்குள் வந்தபோது, பார்க்கிறீர்களா என்று யாரோ வேடிக்கைக்காகக் கொண்டுவந்து நீட்டினார்கள். மரைக்காயர் வாங்கி, வெயிலில் பிடித்து வெகுநேரம் பார்த்தார்.

"இவனுக்கும் குத்தத் தெரியல," என்று திருப்பிக் கொடுத்தார்.