நாலு மணி நேரத்து துபாய்

எங்கள் தெரு அமிர்தம் அக்கா எதையும் எடுத்த எடுப்பில் நம்பமாட்டாள். பால்காரர் ஊற்றும் பாலில் விரலை விட்டுப் பார்ப்பாள். கோயில் சுண்டலைக்கூட முகர்ந்துவிட்டுத்தான் வாயில் போடுவாள். அவளுக்குப் போய், துபாயில் கொத்தனார் வேலை பார்க்கிற புருஷன் வாய்த்தார். அந்த அரங்கநாதன் அண்ணனை நினைத்தால் எனக்குப் பாவமாக இருக்கும்.

மெட்ராஸிலிருந்து துபாய்க்கு விமானத்தில் நாலு மணி நேரம் என்று யாரோ அக்காவிடம் சொல்லித் தொலைத்துவிட்டார்கள். ஆயிரத்து எண்ணூறு மைல் என்றும் சொன்னார்கள், அது அவள் காதில் ஏறவில்லை. எங்கள் சங்கராபுரத்திலிருந்து மலை பஸ் பிடித்துக் கரியாலூர் போய்த் திரும்பவே நாலு மணி நேரம் ஆகிவிடும். அவளைப் பொறுத்தவரை துபாயும் அவ்வளவு தூரம்தான்.

"கரியாலூர் போய் வர்ற நேரம்டி! அதுக்கு ரெண்டு வருஷமா வராம கீறான்னா, வேற எங்கியோ இன்னொரு வூடு இருக்குது" என்பாள் என்னிடம். அந்தப் பயம்தான் அவளை அரித்துக்கொண்டிருந்தது.

எண்பத்தேழாம் வருஷம் புரட்டாசியில் லீவு கிடைத்து, வியாழக்கிழமை வருவதாக அண்ணன் தந்தி கொடுத்தார். அதே வியாழக்கிழமை இட ஒதுக்கீடு கேட்டு மறியல் தொடங்கியது. ரோட்டோரப் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே சாய்த்துவிட்டார்கள். உளுந்தூர்பேட்டையில் ஒரு லாரிகூட நகரவில்லை.

"மரம் ரோட்டுலதான வுழுந்துது, ஆகாசத்துலயா வுழுந்துது?" என்று கேட்டாள் அக்கா.

அண்ணன் அடுத்த புதன்கிழமை வந்து சேர்ந்தார். கையில் பெட்டி இல்லை. மேலே இருந்தது வேறு யாருடைய சட்டையோ, தோளில் தொளதொளவென்று கிடந்தது. அக்கா அதைத்தான் முதலில் பார்த்தாள்.

"நாலு மணி நேரத்துக்கு ஆறு நாளா? இன்னா, நடந்துகினா வந்த?"

"ஆமா, மீனம்பாக்கத்துலேர்ந்து நடந்துகினுதான் வந்தேன்."

"சட்ட யாருது?"

"திண்டிவனத்தாண்ட ஒரு அம்மா குடுத்தாங்க."

பொம்பளை என்றதும் அக்கா அதற்குமேல் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சோறு போட்டாள், பேச்சை நிறுத்திவிட்டாள். அண்ணன் அந்தச் சட்டையைத் துவைத்துக் கொடியில் போட்டால், அதை எடுத்து உதறி உதறிப் பார்ப்பாள். பத்து நாள் இப்படியே ஓடியது.

பஸ் ஓட ஆரம்பித்த பிறகு, அண்ணனின் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு ஒரு நடுவயது அம்மாள் வந்து சேர்ந்தார். பெயர் ராஜாம்பாள். அவருடைய மகள் கமலாவுக்கு, அண்ணன் அவர்கள் ஊர் வழியாக நடந்து வந்த அன்று வீட்டில் பிரசவ வலி கண்டிருக்கிறது. வண்டி எதுவும் போகவில்லை. பெட்டியை ராஜாம்பாளிடம் கொடுத்துவிட்டு, அண்ணனும் வேறு மூன்று பேரும் அவளைக் கட்டிலோடு தூக்கி, சாய்ந்த மரங்களைத் தாண்டி, திண்டிவனம் ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். ரத்தம் பட்ட சட்டைக்கு மாற்றாக ராஜாம்பாள் மருமகன் சட்டையைக் கொடுத்திருக்கிறார்.

"பையன் பொறந்துகிறான். உங்களுக்கு இன்னா செய்யணும்னு கேட்டேன்மா. ஒண்ணும் வேணாம், ரோடு தெறந்ததும் எங்க வூட்டுக்கு வந்து ஒரு வார்த்த சொல்லுங்க, நான் சொன்னா எங்க வூட்டுல நம்பமாட்டாங்கன்னாரு."

அக்காவுக்கு முகம் செத்துவிட்டது. அண்ணன் பக்கத்தில் போய் உட்கார்ந்து மெதுவாகக் கேட்டாள்.

"கால் வலிக்குதா?"

"வந்த அன்னிக்கி வலிச்சுது" என்றார் அண்ணன்.