உருண்டை எழுத்துக்குக் கொடுத்த இடம்

சிங்காநல்லூரில் ஃப்ளெக்ஸ் பேனர் வடிவமைத்துப் பிழைக்கிறவள் நான். என் கம்ப்யூட்டரில் இருக்கும் எழுத்துகளில் அதிகம் உழைப்பது ஒரு தடித்த உருண்டை எழுத்து. மூலை முடுக்கே கிடையாது. ஒவ்வொன்றும் நன்றாகத் தின்று வளர்ந்த பிள்ளை மாதிரி உட்கார்ந்திருக்கும். காதுகுத்தோ பேக்கரித் திறப்போ, வருகிறவர்கள் "அந்தக் குண்டு எழுத்துலயே போட்டுருங்க" என்பார்கள். கண்ணீர் அஞ்சலிக்கு மட்டும் அதைத் தொடமாட்டேன். இழவு வீட்டில் பல்லைக் காட்டுவது போலாகிவிடும்.

எங்கள் பக்கத்து விசேஷ பேனரில் பாதி இடம் சொந்தக்காரர்களுக்குத்தான். மாமன், மச்சான், பங்காளி என்று கீழே வரிசையாகப் படங்கள். ஒருவர் படம் விட்டுப்போனாலும் அவர் பந்தியில் கை நனைக்காமல் போய்விடுவார். அதனால் தலைப்பைச் சுருக்கிச் சுருக்கி ஆட்களை நுழைப்பதே என் பிழைப்பு.

போன வருடம் எனக்கென்று சின்னதாக ஒரு வீடு கட்டினேன். அப்பாவும் அம்மாவும் இல்லை. இருப்பது காங்கேயத்தில் ஓர் அண்ணன். நான் புருஷனை விட்டு வந்த நாளிலிருந்து அவன் பேசுவதில்லை. புதுமனை புகுவிழாவுக்குப் பிறந்த வீட்டுச் சீர் வரவேண்டும். அவன் வருவானா என்று நினைத்து நினைத்தே தூக்கம் போயிற்று. கடைசியில், அவனைக் கேட்காமலே அவன் படத்தைப் பேனரில் போட்டு அவனுக்கே வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். பேனரில் படம் ஏறிவிட்டால் ஆள் வந்துதானே தீரவேண்டும்! ஊருக்கெல்லாம் பேனர் போட்ட புத்தி, அப்படித்தான் கணக்குப் போட்டது.

உடனே போன் வந்தது.

"என்ற போட்டோவ எடுத்துப்போடு அம்மணி. நாலு பேரு கேட்டா நா என்னன்னு சொல்றது?"

"சரிங்ணா."

பிறகு, "ஊடு நல்லா வந்துருக்குதா?" என்றான்.

"வந்துருக்குதுங்ணா" என்பதற்குள் வைத்துவிட்டான்.

படத்தை எடுத்ததும் பேனரின் கீழ்ப்பாதி வெறிச்சோடியது. குத்துவிளக்கு வைத்துப் பார்த்தேன், வாழைமரம் வைத்துப் பார்த்தேன். ஒன்றும் ஒட்டவில்லை. 'புதுமனை புகுவிழா' என்ற இரண்டு வார்த்தையைப் பிடித்து இழுத்துப் பெரிதாக்கினேன். அந்த எழுத்துக்குக் கூச்சமே கிடையாது. கொடுத்த இடம் முழுவதும் பரவி உட்கார்ந்துகொண்டது. எனக்கு அதன்மேல் கோபம் கோபமாக வந்தது.

விழாவுக்கு அக்கம்பக்கத்தார் வந்தார்கள், சாப்பிட்டார்கள், போனார்கள். எதிர்வீட்டு அம்மா மட்டும் பேனர் முன்னால் நின்று, "எழுத்து சும்மா கும்முனு இருக்குதுங்க! எங்க பேத்தி காதுகுத்துக்கும் இதே மாதிரி அடிச்சுக் குடுங்க" என்றார்.

மறுநாள் கடையைத் திறந்து அவருக்கு அதே அளவில் எழுத்தை வைத்தேன். வைத்து முடிப்பதற்குள் போனில் படங்கள் வர ஆரம்பித்தன. தாய்மாமன், பெரியப்பா, சித்தப்பா, மச்சான்மார். வரவர எழுத்தைச் சுருக்கிக்கொண்டே போனேன். "இன்னும் ரெண்டு பேரு விட்டுப்போச்சுங்க, எப்படியாச்சும் சேத்துருங்க" என்று குரல் செய்தி வேறு.

சேர்த்தேன். எனக்கு ஒரே ஒரு படம் போதுமாக இருந்தது.