காலில்லாமல் நடந்தவர்கள்

ஒரே ஒரு ஊரில், ஒரே ஒரு கண்ணாடித் துண்டின் மேல், காலே இல்லாத ஒருவர் நடந்து போய்க்கொண்டிருந்தாராம். என் உத்தியோகம் என்னவென்று கேட்பவர்களுக்குத் தாத்தா கதை சொல்கிற பாணியில் இப்படித்தான் ஆரம்பிப்பேன். எழுபதுகளின் நடுவில் அடையாறில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் உதவியாளனாக இருந்தேன். செல்கள் ஊர்ந்து போவதைப் படம் பிடிப்பது வேலை. நாள் பூராவும் மைக்ரோஸ்கோப்பில் குனிந்துவிட்டு, சாயங்காலம் பஸ்ஸில் கழுத்தைத் திருப்பாமலே டிக்கெட் வாங்கியவர்கள் யாராவது இருந்தால், இது உங்களுக்குத்தான்.

பெரியவரின் சந்தேகம்

எனக்கு வேலை சொன்னவர் ராஜம் மேடம். மயிலாப்பூர்க்காரர், டாக்டர் பட்டத்துக்காக இரண்டு வருஷமாகச் செல்களின் நடையையே பார்த்துக்கொண்டிருந்தார். செல்லின் முன் விளிம்புக்குள்ளே ஆக்டின் என்ற புரத இழைகள் வலையாகப் பின்னிக்கொள்கின்றன. இழைகள் நீள நீள விளிம்பு முன்னே தள்ளப்படுகிறது. பின்பக்கம் வலை பிரிந்து, அதே துணுக்குகள் மறுபடி முன்னால் போய்ச் சேர்கின்றன. பின்னால் கிடக்கிற செங்கல்லைப் பெயர்த்து முன்னால் பதித்துக்கொண்டே நடக்கிற மாதிரி என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தார்.

எங்கள் துறைத் தலைவரை எல்லோரும் பெரியவர் என்போம். நல்லவர், ஆனால் கண்ணால் கண்டால்தான் நம்புவார். கேமரா பொருத்திய மைக்ரோஸ்கோப் அங்கே ஒன்றுதான். மேடம் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு மெதுவாகச் சொன்னார்: "அதுவா எங்கேம்மா நடக்கறது? தண்ணி இழுத்துண்டு போறது. மாசக் கடைசிக்குள்ளே நடக்கறதுன்னு காட்டு. இல்லேன்னா மைக்ரோஸ்கோப்பை அடுத்த ரூமுக்குக் குடுத்துடு."

வாடகை மீன்

அதுவரை நாங்கள் கோழிக்கருவின் செல்களை வைத்திருந்தோம். அவை நகர்வதற்குள் நமக்கு நரைத்துவிடும். மீன் செதிலோடு ஒட்டி வருகிற தோல் செல்கள் ஓடும் என்று மேடம் எங்கேயோ படித்திருந்தார். ஆனால் மீன் உயிரோடு இருக்க வேண்டும்.

அடையாற்றுப் பாலத்தடியில் அஞ்சலையக்கா ஒரு தவலைத் தண்ணீரில் கெண்டைகளைத் துள்ளவிட்டு விற்றுக்கொண்டிருந்தார். "அக்கா, ஒரு மீனைப் பிடிச்சுக்குங்க. நாலு செதில் மட்டும் எடுத்துட்டுத் திருப்பித் தந்துடறேன்" என்றேன். என்னை மேலும் கீழும் பார்த்தார். ஆனாலும் மீனை ஈரத்துணியில் அமுக்கிப் பிடித்துக்கொண்டார். நான் இடுக்கியால் நாலே நாலு செதில் எடுத்துக் குப்பியில் போட்டேன். மீன் தவலைக்குள் திரும்பிப் போனது. அக்கா சொன்னார்: "இன்னா நைனா இது? மீன வாடகைக்குக் கேக்குற ஆள இப்பத்தான் பாக்கறேன்!"

அடை காத்த கை

எங்களிடம் மிச்சமிருந்தது ஒரே ஒரு ரோல் ஃபிலிம். சில விநாடிக்கு ஒரு படம் வீதம் எடுத்து, பிறகு வேகமாக ஓட்டிக் காட்டுவோம். கோழி செல்களுக்குக் கதகதப்பு வேண்டும் என்பதால் மைக்ரோஸ்கோப்பைச் சுற்றி ஒரு மரப்பெட்டி, உள்ளே ஒரு பல்பு. அன்றைக்குச் செதிலை வைத்தேன், கேமராவை ஓடவிட்டேன், வழக்கம்போல பல்பையும் போட்டேன். சித்திரை வெயிலோடு பல்புச் சூடும் சேர்ந்தது, மீன் செல்லுக்கு அது தாங்காது. பாதி ரோல் ஓடிய பிறகு குனிந்து பார்த்தால், ஒரு செல்கூட நடக்கவில்லை. எல்லாம் ஜவ்வரிசி மாதிரி உருண்டு கிடந்தன.

மேடத்தைக் கூட்டி வந்து காட்டினேன். அவரே பெட்டிக்குள் கையை விட்டுப் பார்த்துவிட்டுப் பல்பை அணைத்தார். பிறகு சொன்னார்: "போனாப் போறது, ரமணி. கோழிக்கு அடை காத்த கை, பழக்க தோஷத்துல மீனுக்கும் காத்துடுத்து."

கதாநாயகி எங்கே?

மறுநாள் காலையில் மறுபடி பாலத்தடி, மறுபடி நாலு செதில். இந்தத் தடவை பெட்டியையே கழற்றி மூலையில் வைத்துவிட்டோம். செல்கள் ஓடின. நடுவில் மேடம், ஆக்டின் இழைகளை நீளவிடாமல் செய்கிற மருந்தைச் சொட்டாக விட்டார். பிறகு அதைக் கழுவி எடுத்தார். ஃபிலிம் தீர்ந்தது.

கோடம்பாக்கத்தில் சினிமாப் படங்களைக் கழுவுகிற இடத்தில் கெஞ்சிக் கூத்தாடிக் கழுவி வாங்கினேன். படத்தில் செல் என்ன, மருந்து என்ன என்று நான் சொல்லக் கேட்டிருந்த அங்கிருந்தவர், சுருளைக் கையில் கொடுத்தபோது நிஜமாகவே வருத்தப்பட்டார்: "வில்லன் வர்றான், ஹீரோ விழறாரு, அப்புறம் எழுந்து நடக்கறாரு, எல்லாம் சரி சார். ஹீரோயினைத்தான் கடைசி வரைக்கும் காணோம்!"

கடைசியாகப் போனவர்

மாசக் கடைசி நாள். ஜன்னலுக்குக் கறுப்புத் துணி, சுவரில் திரையாக ஒரு வேட்டி. நான் கூப்பிட்டிருந்ததால் அஞ்சலையக்காவும் கூடையை வாசலில் வைத்துவிட்டு வந்து கதவோரம் நின்றார். வேட்டியில் உடைந்த அப்பளம் மாதிரி ஒரு செல் இடப்பக்கம் போனது. இன்னொன்று அதே தண்ணீரில் வலப்பக்கம் போனது. மருந்து விழுந்ததும் இரண்டும் நின்றன. மருந்து போனதும், முன் விளிம்பு மெல்ல விரிந்து, மறுபடி கிளம்பின. மேடம் திரையைப் பார்க்கவில்லை, பெரியவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பெரியவர் மூன்று தடவை திருப்பிப் போடச் சொன்னார். "தண்ணி இழுக்கலை. ஒத்துக்கறேன். மைக்ரோஸ்கோப் உங்கிட்டயே இருக்கட்டும்" என்று எழுந்து போனார். மேடம் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, யாருக்கும் தெரியாது என்ற நினைப்பில், அவர் பின்னாலேயே போனார்.

அஞ்சலையக்கா மட்டும் வெற்று வேட்டியையே பார்த்துக்கொண்டு நின்றார். முழங்கையில் காலையில் ஒட்டிய செதில்கள் காய்ந்து மினுங்கின. வழக்கமாக அதைத் தேய்த்துத் தட்டிவிடுவார், அன்றைக்குத் தட்டவில்லை. "இது நடக்கற சங்கதி தெரியாம, இத்தினி வருசமா சொரண்டிக் குப்பையில கொட்டிக்கினு கீறேனே, நைனா" என்றார். கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு, அந்தக் கையை மட்டும் எதிலும் படாமல் தள்ளிப் பிடித்தபடி பாலத்தை நோக்கி நடந்து போனார்.

காலில்லாதது அது பாட்டுக்கு நடக்கிறது. இரண்டு கால் உள்ள பெரியவர் ஒருவரை ஓரடி நகர்த்தத்தான் எங்களுக்கு ஒரு ரோல் ஃபிலிமும் எட்டுச் செதிலும் தேவைப்பட்டன.