உயிரோடு ஒரு தரம் என் கையில்

எங்கள் மகள் பிறந்தது செங்கல்பட்டில், அரசு மருத்துவமனையில், ஒரு காலை நேரத்தில். ஆனால் அவள் வாழ்ந்ததில் பெரும்பகுதி அதற்கு முன்பே நடந்துவிட்டது. அக்காவின் வயிற்றில் இருந்தபடியே மாமல்லபுரத்திலிருந்து மறைமலைநகருக்குக் கம்பெனி பஸ்ஸில் போய்வந்தாள். திருக்கழுக்குன்றத்துப் பள்ளங்கள் அத்தனையும் அவளுக்குத் தெரியும். ஞாயிறு ஆராதனையில் ஆர்மோனியம் தொடங்கினால் உதைப்பாள். "பிறந்து ஒரு முழுப் பகல்கூட இல்லாத பிள்ளைக்கு நினைவு மலரா?" என்று கேட்ட உறவினர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எழுத நிறைய இருக்கிறது, பக்கம்தான் போதாது.

அக்காவின் மகள் எனக்கும் மகள். அதனால் இந்தக் கட்டுரை முழுக்க அவளை மகள் என்றே எழுதுகிறேன்.

ஐந்தாம் மாத ஸ்கேனில்தான் விஷயம் தெரிந்தது. டாக்டரம்மா ஒரு தாளில் படம் போட்டு, பொறுமையாக, இரண்டு முறை விளக்கினார். சிறுநீரகம் இரண்டுமே உருவாகவில்லை. அதனால் பனிக்குடத்தில் நீர் இல்லை. நீர் இல்லாமல் நுரையீரல் வளராது. குழந்தை வயிற்றிலேயே போய்விடலாம், பிறந்தாலும் மூச்சு தங்காது. இப்போது கர்ப்பத்தைக் கலைக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது, யாரும் உங்களைத் தவறாக நினைக்க மாட்டோம், வேண்டாம் என்றாலும் கைவிட மாட்டோம் என்றார். அக்கா யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்து வந்தார்.

அந்த வாரம் முழுக்க நான் போனில் படித்துத் தள்ளினேன். எந்த நாட்டில் என்ன சிகிச்சை, யார் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று தேடித் தேடி அக்காவுக்கு அனுப்பிக்கொண்டே இருந்தேன். கடைசியில் அக்கா என் போனை வாங்கித் தலையணைக்கு அடியில் வைத்தார். "படிச்சது போறும்டி. கொஞ்சம் பக்கத்துல ஒக்காரு" என்றார்.

உட்கார்ந்தேன். அக்காவின் கணவர், எங்கள் மாமாவும் ஓட்டல் சமையல் வேலை முடிந்து வெங்காய வாசனையோடு வந்து உட்கார்ந்தார். அக்கா எங்கள் இருவரிடமும் தன் முடிவைச் சொன்னார்.

"அது எப்போ போவணும்னு நான் சொல்ல மாட்டேன். அது வர்ற வரைக்கும் நான் சொமந்துகினு இருப்பேன். அவ்ளோதான்."

இதே நிலையில் வேறு முடிவெடுத்த பெண்களை அக்கா ஒருநாளும் குறை சொன்னதில்லை என்பதையும் இங்கே எழுதிவைக்கிறேன்.

விசுவாசம் என்றால் அழாமல் இருப்பது என்று நினைப்பவர்கள் அந்த மாதம் அக்காவைப் பார்த்திருக்க வேண்டும். அவரால் ஜெபம் பண்ண முடியவில்லை. பாட்டுப் புத்தகத்தைத் திறக்கவே மாட்டார். திருவிருந்துக்கு எல்லோரும் எழுந்து போகும்போது இருக்கையிலேயே இருந்தார். ஆனால் ஒரு ஞாயிறுகூடத் தவறவில்லை. ஏன் வருகிறாய் என்று நான் கேட்டதற்கு, "பேசலன்னாலும் ஒரே வூட்லதான இருக்கோம்" என்றார். ஆண்டவரோடு அவருக்கு நடந்த சண்டையில் அவர் வீட்டைவிட்டு வெளியே போகவில்லை. அதைத்தான் நான் விசுவாசம் என்று புரிந்துகொண்டேன்.

உபவாச ஜெபத்துக்கு வரும் பெண்கள் அன்பானவர்கள். அக்காவுக்காக முழங்காலில் நின்றவர்கள். ஆனால் அவர்கள் ஒரு யோசனை சொன்னார்கள். புது வருஷ ஆராதனையில் அக்கா எடுத்த வாக்குத்தத்த அட்டையில் சுகம் தருவதாக வசனம் வந்திருக்கிறது, அப்புறம் எதற்கு ஸ்கேன், ஸ்கேனுக்குப் போவது அவிசுவாசம் அல்லவா என்றார்கள். அக்கா அடுத்த ஸ்கேனுக்கும் போனார், அவர்களுடைய அடுத்த ஜெபத்துக்கும் போனார். டாக்டரம்மா சொன்னதில் எதுவும் மாறவில்லை என்பதை மறைக்காமல் சொன்னார். ஒருவர் வருத்தத்தோடு, இன்னும் உறுதியாகக் கேட்கணும்மா என்றதற்கு அக்கா சொன்ன பதில் எங்கள் தெருவில் இன்னும் பேசப்படுகிறது.

"நான் கேட்டதக் குடுத்தாத்தான் ஆண்டவருன்னா, அவரு ஆண்டவரு இல்லக்கா, வேலக்காரரு."

ஆனால் அவரும் ஒன்று கேட்டுக்கொண்டுதான் இருந்தார். உயிரோடு ஒரு தரம் என் கையில் கொடும். மூச்சு இருக்கும்போதே பெயர் சொல்லி ஞானஸ்நானம் கொடுத்துவிட வேண்டும். இவ்வளவுதான் அவருடைய ஜெபம்.

ஏழாம் மாதம் வந்தது. வளைகாப்புப் பேச்சை யாரும் எடுக்கவில்லை. அக்காவே எடுத்தார். அத்தை, அதாவது அக்காவின் மாமியார், முடியவே முடியாது என்றார். தங்காத பிள்ளைக்கு ஊரைக் கூட்டி வளையல் போட்டால் நாளைக்குக் கழற்றும்போது யார் தாங்குவது என்று கேட்டார். பெயர் வைக்கிற பேச்சும் வேண்டாம் என்றார். அத்தையைக் கல்மனசு என்று நினைத்துவிடாதீர்கள். அவருக்கு முதலில் பிறந்த குழந்தையும் பிறந்தவுடனே இறந்துவிட்டது. முகத்தைக் காட்டாமல், பெயர் வைக்காமல், துணியில் சுற்றிக்கொண்டு போய்ச் செய்யூர்ப் பக்கம் ஒரு சவுக்குத் தோப்போரம் புதைத்துவிட்டார்கள். எங்களுக்கு அது அன்றைக்குத்தான் தெரியும்.

"பாக்காததாலதான் நான் எழுந்து நடமாடுனேன்" என்றார் அத்தை.

"நடமாடுனீங்க அத்த, இல்லன்னு சொல்லல. ஆனா பஸ்ஸு அந்தத் தோப்பத் தாண்டுறப்ப மூஞ்ச இந்தப் பக்கம் திருப்பிக்கிறீங்களே, நான் பாத்துகினுதான் கீறேன்" என்றார் அக்கா. பிறகு குரலைத் தணித்து, "கொயந்த இன்னும் உயிரோட கீது அத்த. இது அதுக்கு அழுவுற நேரம் இல்ல" என்றார்.

வளைகாப்பு நடந்தது. ஆயர் ஜெபித்தார். எலுமிச்சை சாதம், புளி சாதம், தயிர் சாதம் எல்லாம் உண்டு. எங்கள் பக்கத்தில் தலைப்பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள் வளைகாப்பில் பிறருக்கு வளையல் போட்டுவிடுவதில்லை. அத்தை சமையலறையை விட்டு வெளியே வரவில்லை. கம்பெனி பஸ்ஸில் வந்த அக்காவின் தோழிகள் வளையலோடு காத்திருந்தார்கள். அக்கா கையை மடியில் வைத்துக்கொண்டார். அத்தை வந்து முதல் வளையல் போடாமல் யாருக்கும் கை நீட்ட மாட்டேன் என்றார். அத்தை முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். ஒரு பச்சை வளையலைப் போட்டார்.

அன்றைக்கு ஆயர் எங்கள் எல்லோருக்கும் ஒன்றைச் சொல்லிக்கொடுத்தார். பிரசவ நேரத்தில் நான் வந்து சேர முடியாவிட்டால் யார் பக்கத்தில் இருக்கிறீர்களோ அவர்களே ஞானஸ்நானம் கொடுக்கலாம். தண்ணீரும் திரித்துவ நாமமும் இருந்தால் போதும் என்றார்.

அப்படித்தான் ஆனது. வலி முன்கூட்டியே வந்துவிட்டது. பிரசவ அறைக்குள் துணைக்கு ஒரு பெண்ணை மட்டும்தான் விடுவார்கள். என் முறை முடிந்து நான் வெளியே வந்திருந்தேன். அத்தை உள்ளே போயிருந்தார். ஆயர் இன்னும் வழியில் இருந்தார். மகள் அப்போதுதான் பிறந்தாள், மெல்லிய ஒரு சத்தத்தோடு, உயிரோடு.

நர்ஸம்மா துடைத்து அக்காவின் மார்பில் கிடத்தினார். "அத்த, தண்ணி" என்றார் அக்கா. அத்தை கையில் இருந்தது பிளாஸ்க் மட்டும்தான். மூடியில் ஊற்றினார், விரலை நனைத்தார். பெயர் வேண்டாம் என்று சொன்ன அதே அத்தை, அக்கா முடிவு செய்திருந்த பெயரை உரக்கச் சொல்லி, பிதா குமாரன் பரிசுத்த ஆவியின் நாமத்தில் மூன்று முறை நெற்றியில் தண்ணீர் விட்டார். அதன் பிறகுதான் வாசனை வந்ததாம். பிளாஸ்கில் இருந்தது பிரசவக்காரிக்குக் காய்ச்சிய சீரகத் தண்ணீர்.

மகள் அன்று மாலைவரை இருந்தாள். மாமா அவளை இரண்டு கைகளிலும் ஏந்திக்கொண்டு, வேறென்ன பேசுவது என்று தெரியாதவர் போல, கம்பெனி பஸ், கடல், ஓட்டலில் இன்றைக்கு என்ன சமையல் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். எனக்கும் கொடுத்தார்கள். நெற்றியில் முத்தமிட்டபோது சீரகம் மணத்தது. காது எங்கள் வீட்டுக் காது என்று அத்தை சண்டைக்கு வந்தார். வெளிச்சம் சாயும்போது அக்காவின் கையிலேயே மூச்சு அடங்கியது. அக்கா அவள் நெற்றியில் கைவைத்து, "குடுத்தீரு ஆண்டவரே" என்று மட்டும் சொன்னார். பறித்துக்கொண்டார் என்ற பேச்சு அவர் வாயில் வரவேயில்லை.

சபைக் கல்லறைத் தோட்டத்தில், முழு ஆராதனையோடு, பெயர் சொல்லி அடக்கம் செய்தோம். சீரகத் தண்ணீர் செல்லுமா என்று அத்தை பல நாள் தூக்கமில்லாமல் தவித்து, கடைசியில் ஆயரிடமே போய்க் கேட்டார். ஆயர் சிரிக்கவில்லை. "தண்ணி தண்ணிதாம்மா. நீங்க குடுத்தது முழு ஞானஸ்நானம்" என்றார்.

நேராகப் பேசிய டாக்டரம்மாவுக்கும், அவசரப்படுத்தாமல் காத்திருந்த நர்ஸம்மாவுக்கும், ஆயருக்கும், அட்டை வசனத்தைப் பற்றி அக்காவோடு வாதம் செய்துவிட்டு அடக்கத்தன்று எல்லோருக்கும் முன்பாக வந்து நின்ற ஜெபக்குழுப் பெண்களுக்கும், ஷிப்ட் மாற்றிக்கொடுத்த தோழிகளுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அத்தைக்கு நன்றி சொன்னால் திட்டுவார். அதனால் எழுதிவிடுகிறேன்.

முதலாம் ஆண்டு நினைவு ஆராதனைக்கு வருகிற உங்களிடம் ஒரு வேண்டுகோள். இந்த ஒரு வருஷமாக அக்காவிடம் எல்லோரும் அடுத்தது நல்லபடியாகப் பிறக்கும் என்றே சொல்கிறீர்கள். அன்பாகத்தான் சொல்கிறீர்கள். இனிமேல் அதை விட்டுவிடுங்கள். இந்தக் கட்டுரையில் நான் மகளின் பெயரை எழுதவில்லை. இந்த மலரின் அட்டையில் இருக்கிறது, நீங்களே படித்துக்கொள்ளலாம். ஆனாலும் அக்காவைப் பார்க்கும்போது, உன் பொண்ணு பேரு என்னம்மா என்று கேளுங்கள். பிள்ளையைப் பெற்ற எல்லோருக்கும் நாளெல்லாம் பெயர் சொல்லிக் கூப்பிடக் கிடைக்கிறது. அவருக்கு யாராவது கேட்டால்தான் உண்டு.