பிய்ந்த ஷூவுக்கு நியாயம் கேட்டவள்

டுசல்டோர்ஃபில் ஒரு மேல்நிலைப் பள்ளியில், ஜெர்மனிக்குப் புதிதாக வந்து சேர்ந்த பிள்ளைகளுக்கு ஜெர்மன் சொல்லிக்கொடுக்கிறேன். என் வகுப்பைப் பற்றி மற்ற ஆசிரியர்களுக்கு ஒரே புகார்தான்: சத்தம். சத்தம் வராமல் மொழி எங்கிருந்து வரும் என்று கேட்டால் ஒரு புன்னகை செய்வார்கள். அதைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

நானே சென்னையில் மூன்று வருஷம் ஜெர்மன் படித்தவள். பலகையில் இருப்பதை நோட்டில் எழுதி, நோட்டில் இருப்பதைப் பரீட்சைத்தாளில் எழுதித் தேறினேன். கல்யாணமாகி, கணவரின் கம்ப்யூட்டர் வேலைக்காக இங்கே வந்து ரொட்டிக் கடையில் நின்றபோது வாயில் கொழுக்கட்டை வைத்ததுபோல் நின்றேன். பின்னால் வரிசையில் நின்றவர்கள் பெருமூச்சு விட்டார்கள். அந்த அவமானம் எந்தப் பிள்ளைக்கும் வரக்கூடாது என்றுதான் என் வகுப்பில் விளையாட்டு. நடைபாதைச் சுவரில் ஒரு பத்தியை ஒட்டிவிடுவேன். ஒருவர் ஓடிப்போய் வாசித்து, மனதில் வைத்துக்கொண்டு ஓடிவந்து சொல்ல, கூட்டாளி எழுத வேண்டும். மறுபடி ஓட்டம். இல்லையென்றால் மேசையைத் திருப்பிப் போட்டுக் கடை வைப்பேன். சண்டை போடத் தெரிந்தால்தான் ஒரு மொழி தெரிந்ததாக அர்த்தம் என்பது என் கட்சி.

போன வருஷம் அந்த வகுப்பில் ஒரு யாழ்ப்பாணத்துப் பெண் இருந்தாள். பதினைந்து வயது. பல காலமாக இங்கே ஓர் உணவகச் சமையலறையில் வேலை பார்க்கும் அப்பாவிடம் வந்து சேர்ந்தவள். முதல் சில மாதங்கள் கிணற்றில் போட்ட கல்தான். கேள்வி கேட்டால் எழுந்து நிற்பாள். இங்கே யாரும் எழுந்து நிற்பதில்லை என்று எத்தனையோ தடவை சொல்லிவிட்டேன். எழுந்து நின்று தரையைப் பார்ப்பாள்.

ஒருநாள் என் கணவரின் அடி பிய்ந்த ஷூ ஒன்றைக் கொண்டுபோய் அவள் கையில் கொடுத்தேன். "இதை வாங்கின கடையில திருப்பிக் கொடுக்கணும். நீ இப்ப நீ இல்ல, கோபமா வந்த வாடிக்கையாளர்" என்றேன். கடைக்காரி வேஷம், உக்ரைனிலிருந்து வந்த ஒரு கெட்டிக்காரப் பெண்ணுக்கு. பில் இருக்கிறதா என்று அவள் அலட்சியமாகக் கேட்டாள். எல்லாம் ஜெர்மனில்தான்.

"பில் இருக்கிறது. உங்கள் கடையில் மனசாட்சி இருக்கிறதா?" என்றாள் நம்மவள்.

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். மழையில்கூடப் போடவில்லை என்றாள். நாயின் வாயில் போட்டாலும் இப்படிப் பிய்யாது என்றாள். மேலாளரைக் கூப்பிடு என்றாள். நான்தான் மேலாளர் என்றது எதிர்ப்பக்கம். "அப்படியானால் உங்கள் அம்மாவைக் கூப்பிடுங்கள்" என்று ஷூவை மேசையில் வைத்தாள். வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது, சொன்னால் என்ன.

அதற்குப் பிறகு அவளை நிறுத்த முடியவில்லை. வீட்டுக்காரம்மா, டாக்டர், டிக்கெட் பரிசோதகர் என்று எந்த வேஷம் கொடுத்தாலும் பிளந்து கட்டினாள். ஆனால் அந்த வருஷக் கடைசியில் ஒரு முடிவு எடுக்க வேண்டியிருந்தது. எங்கள் பள்ளியின் ஒன்பதாம் வகுப்பில் அவளைச் சேர்த்துக்கொண்டால் பல்கலைக்கழகம் வரை நேர்வழி. இல்லையென்றால், பத்தாவதோடு முடித்துத் தொழிற்பயிற்சிக்கு அனுப்பிவிடும் வேறு பள்ளி. ஒன்பதாம் வகுப்பு ஆசிரியை கையில்தான் முடிவு. அந்த அம்மாவின் வகுப்பில் அவள் சில வாரம் உட்கார்ந்து பார்த்திருந்தாள். எழுத்துத் தேர்வில் குறையில்லை. வாய் மட்டும் திறக்கவில்லை. இங்கே பாதி மதிப்பெண் வகுப்பில் பேசுவதற்கு. ஷூ கதையைச் சொன்னேன். "விளையாட்டில் பேசுவது வேறு" என்றார். அதே புன்னகை.

பெற்றோர் சந்திப்பு நாள் வந்தது. ஒரு குடும்பத்துக்குப் பத்து நிமிடம். அப்பா சமையலறையில் லீவு போட்டு, இஸ்திரி போட்ட சட்டையோடு வந்திருந்தார். பக்கத்தில் மகள். எதிரே அந்த அம்மா, ஓரத்தில் நான். மொழிபெயர்க்கத் தேவையில்லை, அப்பாவுக்கே ஜெர்மன் வரும். அதுதான் வினையாகப் போயிற்று.

"எனக்கு இன்னும் முடிவுக்கு வர முடியவில்லை. உங்கள் மகளால் சமாளிக்க முடியும் என்று நினைக்கிறீர்களா?" என்று அந்த அம்மா கேட்டார்.

அப்பா கையைக் கட்டிக்கொண்டார். "இவளுக்கு ஒன்றும் தெரியாது டீச்சர். சோம்பேறி. நீங்கள்தான் கண்டித்துத் திருத்த வேண்டும். நீங்கள் எதைச் சொன்னாலும் எங்களுக்குச் சம்மதம்" என்றார் ஜெர்மனில்.

நம் ஊர் வாத்தியாராக இருந்தால், "சேச்சே, நல்லாப் படிக்கிற பிள்ளையாச்சே" என்று அடுத்த நொடி சொல்லியிருப்பார். அப்பா தாழ்த்த வேண்டும், வாத்தியார் தூக்க வேண்டும், அதுதானே மரியாதை. அப்பா அந்தப் பதிலுக்காகக் காத்திருந்தார். அந்த அம்மா குறிப்பெடுத்தார். பிறகு மகளிடம், "நீயும் அப்படித்தான் நினைக்கிறாயா?" என்று கேட்டார். அவள் அப்பாவைப் பார்த்தாள், தலையாட்டினாள்.

அப்பாவும் மகளும் எழுந்து போனதும் அந்த அம்மாவிடம், "அது எங்கள் வழக்கம். சொந்தப் பிள்ளையை நாங்கள் ஆசிரியர் முன்னால் புகழ மாட்டோம்" என்றேன்.

"அப்படியென்றால் அவர் பொய் சொன்னாரா?"

இருந்த ஆத்திரத்துக்கு மேசையைக் கவிழ்த்திருப்பேன். வேண்டாம் என்ற முடிவுக்கு ஒரு சாட்சி கிடைத்த நிம்மதி அந்த முகத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது.

நடைபாதையில் அப்பாவைப் பிடித்துக்கொண்டேன். "என்ன காரியம் பண்ணீங்க? பொண்ணு எப்படிப் பேசறா தெரியுமா?"

அவர் திகைத்துப்போனார். "ரீச்சருக்கு முன்னால என்ர பிள்ளை கெட்டிக்காரி எண்டு நானே சொல்லுறதே? அது சரியில்லைத்தானே. அவைக்குத் தெரியாததே?"

"தெரியாது. அவங்களுக்குத் தெரியாது."

"ரெர்மின் எடுத்துத் திரும்ப வந்து கதைக்கட்டே?"

சந்திக்க நேரம் குறித்துக்கொண்டு மறுபடி வந்தார். அந்த அம்மாவிடம், மகள் நன்றாகப் படிப்பாள் என்று மன்றாடினார். போன முறை வேறு மாதிரி சொன்னீர்களே என்று கேட்டு அந்த அம்மா அனுப்பிவிட்டார். வேறு பள்ளி என்று முடிவாயிற்று. பிள்ளைகளுக்கு வாய் திறக்க நான் என்னென்னவோ வேஷம் கட்டிவிட்டேன். வாய் திறக்க வேண்டிய ஒரே மேசையில் எந்த வேஷமும் கைகொடுக்கவில்லை.

கோடை விடுமுறைக்கு முந்தைய நாள் அவள் விடைபெற வந்து என் எதிரே உட்கார்ந்தாள். வகுப்பில் வேறு யாரும் இல்லை. மனசு கேட்காமல் கேட்டுவிட்டேன். "அன்னிக்கு நீயாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. முடியும்னு சொல்லியிருக்கலாமே."

என்னிடம் எப்போதும் தமிழில் பேசுகிறவள், அன்று ஜெர்மனில் பதில் சொன்னாள். எழுந்து நிற்கவில்லை, தரையைப் பார்க்கவில்லை. அப்பா சொன்னது சரிதான், எனக்கு ஜெர்மன் வராது, வந்திருந்தால் பெற்ற அப்பாவே அப்படிச் சொல்லியிருப்பாரா, நீங்கள்தான் அன்பினால் என்னைப் பெரிதாக நினைத்துவிட்டீர்கள் என்று, ஓரிடத்தில்கூடத் தடுமாறாமல், ஒரு பிழைகூட இல்லாமல் சொன்னாள்.