சுருளுக்குள் ஒரு சிலோன் ரூபாய்

பஹ்மி மௌத்தானது மாவடிப்பள்ளியில், நெல் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்த தன் லொறிக்குப் பக்கத்தில். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழும்பவில்லை. மனைவி நஸ்லியா சாய்ந்தமருதில், உம்மா சீதனமாகக் கொடுத்த வீட்டில், மௌத்துக்குப் பிறகான நாலு மாதமும் பத்து நாளும் இத்தா இருந்தாள். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. வெளியே போகாமல், அந்நிய ஆண்கள் கண்ணில் படாமல் இருந்த அந்த மாதங்கள் அவளுக்குப் பாரமாகத் தெரியவில்லை. அழுதாலும் படுத்துக் கிடந்தாலும் யாரும் காரணம் கேட்காத காலம் அது. முடிந்ததும் நேசரிக்குத் திரும்பலாம் என்று இருந்தாள். கலியாணத்துக்கு முன்பிருந்தே அவள் சின்னப் பிள்ளைகளுக்குப் படிப்பித்த இடம்.

தம்பி ஜவாத் கல்முனை பஸாரில் பலசரக்குக் கடை வைத்திருந்தான். மீன், மரக்கறி, கேஸ், கரண்ட் பில் எல்லாவற்றையும் அவனே பார்த்துக்கொண்டான். ஒரு நாள் பிஸ்கட் பெட்டிகளோடு வந்தான்.

“கடைக்குப் பின்னால மழத் தண்ணி ஒழுகுது ராத்தா. கொஞ்ச நாளைக்கி இஞ்ச வைக்கிறன்.”

“வைய்யன்.”

பிஸ்கட்டுக்குப் பின்னால் பால்மா வந்தது, சவர்க்காரம் வந்தது. ஹோலில் நடக்க ஒரு ஆள் போகும் அளவுக்குத்தான் வழி இருந்தது. தொழுகைப் பாயைக் குசினிக்குப் பக்கத்தில் விரிக்க வேண்டியதாயிற்று.

பேங்கில் வாங்கும் சில்லறைச் சுருள்களையும் அவன் கொண்டுவந்தான். பழுப்புத் தாளில் சுற்றிய ஐந்து ரூபாய்க் குத்திகள். “சிலதில குறையுது, வளைஞ்சதும் வருது. சும்மா இருக்கக்குள்ள பாத்து வைங்க,” என்றான்.

ஒரு சுருளின் நடுவில் விளிம்பொன்று தள்ளிக்கொண்டிருந்தது. பிரித்துப் பார்த்தாள். ஐந்து ரூபாயல்ல, ஒரு ரூபாய். 1963ஆம் ஆண்டு. ஆங்கிலத்தில் ஸ்ரீலங்கா என்று இல்லை, சிலோன் என்று இருந்தது. அவள் பிறப்பதற்கு முன்னால் யார் யாருடைய மடியிலோ கிடந்தது, எத்தனையோ ஊர் சுற்றி இந்த வீட்டுக்குள் வந்திருக்கிறது. பஹ்மி போன பிறகு முதல் தடவையாக அவளுக்கு ஒரு விஷயத்தை ஒருவரிடம் சொல்ல வேண்டும் போலிருந்தது. சொல்ல ஆளில்லை. தன் பேர்ஸிலிருந்து ஐந்து ரூபாய் எடுத்துச் சுருளில் வைத்துவிட்டு, பழைய ரூபாயை ஒரு கிளாஸுக்குள் போட்டாள்.

அதற்குப் பிறகு ஜவாத்தின் மோட்டார் சைக்கிள் சத்தத்துக்குக் காது கொடுத்துக்கொண்டிருந்தாள். எல்லாச் சுருளிலும் கிடைக்காது. எப்போதாவது பழைய குத்தி ஒன்று அகப்படும். கிளாஸ் மெல்ல நிறைந்தது.

ஒரு நாள் கிளாஸ் வெறுமையாக இருந்தது. மேசையில் புதுக் கரண்ட் கேத்தல் ஒன்று இருந்தது.

“அக்கரப்பத்துல ஒராள் பழைய குத்தி சேக்கிறாரு. நல்ல விலைக்கி எடுத்தாரு,” என்றான் ஜவாத். முகமெல்லாம் சந்தோஷம். “இனி அடுப்புக்கிட்ட நிக்கத் தேவல்ல, சுவிச்சப் போட்டாச் சரி.”

“என்னட்டக் கேட்டிருக்கலாமே.”

“கேக்கிறதுக்கு என்ன ராத்தா, ஒங்களுக்குத்தானே வாங்கின.”

அவன் கெட்டவனாக இருந்திருந்தால் சண்டை பிடித்திருப்பாள். தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தாள்.

இத்தா முடிந்து குளித்து, மறுநாள் காலையில் அபாயாவைப் போட்டுக்கொண்டு நின்றபோது ஜவாத் மீனோடு வந்தான்.

“எங்க போற?”

“நேசரிக்கி.”

“அங்க நான் கதைச்சிட்டன். ராத்தா இனி வரமாட்டா எண்டு சொல்லிப்போட்டன். அவங்க தார சம்பளத்துக்கு எதுக்கு அலையிற? என்ன குறை ஒங்களுக்கு?”

நஸ்லியா கைப்பையை எடுத்தாள். அவனைத் தாண்டி வெளியே போனாள். நேசரியில் அவளுடைய வகுப்பில் அஸ்னா என்றொரு புது டீச்சர் பாட்டுச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். தலைமை டீச்சர் கையைப் பிடித்துக்கொண்டார். “ஒங்கட தம்பி சொன்னதால இவவ எடுத்திட்டம் நஸ்லியா. ஜனவரியில பாப்பம்.”

அன்று பின்னேரம் ஜவாத் வழமைபோல் சுருள்களை வைத்தான்.

“இதக் கடைக்கே கொண்டு போ,” என்றாள் நஸ்லியா. “பெட்டியளையும் எடு. இது நான் இருக்கிற வீடு.”

அவன் அவளை வினோதமாகப் பார்த்தான். “கோவமா ராத்தா? சரி, வெள்ளிக்கிழம பாப்பம்.”

வெள்ளிக்கிழமை வேன் வந்தது. பெட்டிகளை எடுக்க அல்ல, சீனி இறக்க. நஸ்லியா வாசலில் நின்றாள். “உள்ளுக்கு இடமில்ல,” என்றாள். டிரைவர் மூட்டையைக் கீழே வைத்துவிட்டு ஜவாத்துக்குப் போன் பண்ணினான். ஜவாத் தானே வந்து தோளில் தூக்கினான். வேர்த்து வழிந்தது.

“கொஞ்சம் தள்ளுங்க ராத்தா, பாரமாக் கிடக்கு.”

பாரத்தோடு நிற்பவனை மறிக்க அவளால் முடியவில்லை. தள்ளி நின்றாள்.

ஜனவரி வந்து போனது. தலைமை டீச்சர் கூப்பிடவில்லை. ஜவாத் இன்னும் சுருள்களைக் கொண்டுவருகிறான், அவள் பிரிக்காமலே திருப்பிக் கொடுக்கிறாள். போன கிழமை நற்பிட்டிமுனையில் ஒரு நேசரிக்கு ஆள் தேவை என்று கேள்விப்பட்டு, அவனுக்குச் சொல்லாமல் போன் பண்ணினாள். ஒவ்வொரு நாளும் வந்து போக வீட்டில் விடுவார்களா என்று கேட்டார்கள்.

“ஓம்,” என்றாள் நஸ்லியா. “வீடு என்ட பேர்லதான் இருக்கு.”

யோசித்துச் சொல்கிறோம் என்றார்கள். இன்னும் சொல்லவில்லை.